ஏழாவது கை

சாரல் மாதத்தில் ஈரத் துணி காயாமல் கிடக்கிற வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை லேசில் முடியாது. இதை நான் கண்ணால் பார்த்தே சொல்வேன். தென்காசியில் என் மைக் செட் கடைக்கு மேல் மாடியில்தான் முகம்மது ஆசிக்கின் குடித்தனம். முப்பது வருஷமாகக் கல்யாணம், கோயில் கொடை, சந்தனக்கூடு, கட்சிக் கூட்டம் என்று இந்தப் பக்கத்துச் சத்தம் அத்தனையும் காதில் வாங்கியவன் நான். அவர்கள் போடும் சண்டையில் சத்தமே இருக்காது. அதுதான் எனக்குக் கலக்கமாக இருந்தது.

ஆசிக் இந்த ஊர்க்காரன், சவுதியில் தம்மாமில் ஒன்பது வருஷம் லிப்ட் மெக்கானிக்காக இருந்தவன். மாஜிதா கடலோரத்துக் கீழக்கரைப் பெண். கல்யாணமாகிப் பத்தாம் நாள் விமானம் ஏறியவள். பதினோராவது மாடியில் குடியிருந்து, அங்கேயே ஷரீபாவைப் பெற்று வளர்த்தாள். பிள்ளைக்கு இப்போது ஏழு வயது. எட்டு மாதத்துக்கு முன் லீவில் வந்தவன், அப்படியே தங்கிவிட்டான். வந்த நாளிலிருந்து அவள் பெட்டியை முழுசாகப் பிரிக்கவே இல்லை. பள்ளிக்கூடச் சட்டையை இஸ்திரி போட்டே காயவைத்து மகளை அனுப்புவாள். முகத்தைச் சுளிக்க மாட்டாள், ஒன்றும் சொல்லவும் மாட்டாள்.

அவன் தங்கியதற்குக் காரணம் ஒரு கை. ஆறு கை என்று சொல்ல வேண்டும்.

குற்றாலத்து லாட்ஜ்காரர்கள் சிலர் சேர்ந்து சீசனுக்கு வழிகாட்டிப் பலகை வைக்க ஆசிக்கைக் கூப்பிட்டார்கள். இவன் பலகை வேண்டாம் என்று சொல்லிவிட்டு நேராக என் கடைக்கு வந்தான்.

"அண்ணாச்சி, பலகைய எவன் படிக்கான்? வந்தவன் நம்மாளுட்டதான் கேக்குதான். நம்மாளு என்ன சொல்லுதான்? 'நேரா போங்க, நேரா போங்க'ன்னு சொல்லுதான். கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனா எப்படி இருக்கும்?"

"ஆரு கையலே?"

"இந்த ஊருக்காரங்க கையத்தான்."

வெயிலில் ரொம்ப நாள் வேலை பார்த்த மூளை என்று நினைத்துக்கொண்டேன். மூன்று மாதத்தில் அவன் செய்து காட்டியபோது அந்த நினைப்பை விட்டுவிட்டேன். இடுப்பு உயரத்தில் ஒரு தூண். அதிலிருந்து ஒரு மனுஷக் கை நீட்டிக்கொண்டிருக்கும். உண்மையான ஆளின் கையை பிளாஸ்டரில் அச்செடுத்து பைபரில் வார்த்தது. ரேகையும் நகமும் அப்படியே இருக்கும். அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினால், கைக்குச் சொந்தக்காரர் குரல் தூணுக்குள்ளிருந்து பேசும். தன் பெயரைச் சொல்லும், அந்த இடத்தில் தனக்கு நடந்த ஒரு கதையைச் சொல்லும். கதை முடிந்ததும் கை மெதுவாகத் திரும்பி, அடுத்த கை இருக்கும் திசையைக் காட்டி நிற்கும். திருப்புவது லிப்ட் கதவைத் திறக்கிற மோட்டார். பேசுவது என் கடை ஸ்பீக்கர். பிள்ளைகள் விட மாட்டார்கள் என்று தெரிந்துவிட்டது, ஷரீபா கடைக்குள்ளேயே நாற்பது தடவை குலுக்கினாள்.

குற்றாலம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஐந்தருவி வரை ஆறு கை நட்டோம். குரல் பிடித்தது நான். முதல் கை டீக்கடைக்காரர் மூசா. "மொதல்ல சாப்பிட்டியளா?" என்றுதான் அது தொடங்கும். நாலாவது கை ரோட்டோரத்தில் பழம் விற்கிற முப்பிடாதியம்மாள். ஐந்தாவது கை அவள் வீட்டுக்காரர் நல்லக்கண்ணு. நாற்பது வருஷமாகக் குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். அவர் கையில் ஊறிய எண்ணெய்க்கு அச்சு வழுக்கிக்கொண்டு கழன்றது. குரல் பதிவிலும் ஒரே தடவையில் முடித்துவிட்டார்.

"எம்பேரு நல்லக்கண்ணு. இது அடுத்தவன் ஒடம்புல எண்ணெ தேச்சே தேஞ்ச கையி, வழுக்கும், பாத்துப் பிடியும். எதுத்தாப்புல ஒரு பலாமரம் நிக்குல்லா, அதுக்குக் கீழ எறங்கினா ஓடைக்குள்ள சட்டிப்பாறை. முப்பிடாதிய மொதமொதல்ல அங்கனதான் கூட்டிட்டுப் போனேன், ரெண்டு வீட்டுக்கும் தெரியாம. தண்ணி கண்ணாடி மாரி கெடக்கும். கால நீட்டினா மீனு வந்து கடிக்கும். ஒரு மங்குஸ்தான் பழத்த ரெண்டா வகுந்து தின்னோம். அவ ஒத்த வார்த்தை பேசல. பெறவு அவ பேசாத நாளே இல்ல. சரி, நீங்க இப்படியே ரோட்டோட போங்க. அடுத்த கை காத்துக்கெடக்கு."

இதை நான் பத்துத் தடவையாவது கேட்டிருப்பேன். ஆசிக் அதற்கு மேல் கேட்டிருப்பான். கேட்ட நேரமெல்லாம் சிரித்தோம். அதில் என்ன இல்லை என்பது எங்களில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை திறப்பு. அதற்கு முந்திய வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் தம்மாம் கம்பெனிக்கு ஆசிக் பதில் சொல்லியாக வேண்டும். வருகிறானா இல்லையா என்று கேட்டு அவர்களே போன் செய்வார்கள். வரவில்லை என்றால் அந்த வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

புதன்கிழமை மாஜிதா கடைக்கு இறங்கி வந்தாள். நானும் ஆசிக்கும் ஆறாவது கையின் ஸ்பீக்கரைக் கழற்றிக் கொண்டுவந்து ஒயர் ஒட்டிக்கொண்டிருந்தோம்.

"மச்சான், இத ஊர் தெரியாத ஆள வச்சுப் பாக்கணும்னு சொன்னீங்கல்ல?"

"ஆமா. தெரிஞ்சவன் குலுக்கினா ஒண்ணும் தெரியாதுல்லா."

"நாளைக்கு நானும் புள்ளையும் நடக்கிறோம். யாருகிட்டயும் வழி கேக்க மாட்டேன். போனையும் வீட்ல வச்சுட்டுப் போறேன். ஐந்தருவிக்கு வந்து சேந்துட்டா இங்கயே இருப்போம். பெட்டியப் பிரிச்சிடறேன். வழி தெரியாம நடுவுல நின்னுட்டா, சாயங்காலம் நீங்க வர்றேன்னு கம்பெனிக்குச் சொல்லணும்."

அவன் என்னைப் பார்த்தான். நான் சால்டரிங் கம்பியைப் பார்த்தேன். புருஷன் பெண்டாட்டி விஷயத்தில் மூன்றாம் ஆள் வாயைத் திறந்தால் அடி இரண்டு பக்கமும் விழும்.

"சரி. ஆனா வழியில ஆரு கூப்பிட்டாலும் நிக்கக் கூடாது. ஒன்னத் தெரிஞ்சவங்க எல்லாம் அங்கன வழி காட்ட வந்துருவாங்க," என்றான். அவனுக்கு நியாயமான பரீட்சையாக இருக்க வேண்டும். அந்த ரோஷம் அவனுக்கு எப்போதும் உண்டு.

மறுநாள் காலை நல்ல வெயில். மாஜிதா இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் செய்து எனக்கும் ஒரு தட்டு அனுப்பியிருந்தாள். ஒன்பதே கால் பஸ்ஸில் அவளும் ஷரீபாவும் ஏறினார்கள். நாங்கள் என் பழைய ஸ்கூட்டரில் முன்னாலேயே ஐந்தருவிக்குப் போய், நல்லக்கண்ணு எண்ணெய் தேய்க்கிற கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டோம்.

ஒவ்வொரு கையையும் யாராவது குலுக்கினால் ஆசிக் போனில் ஒரு மணி அடிக்கும். 9.48க்கு முதல் மணி. பத்து மணிக்கு இரண்டாவது. அவன் ஒவ்வொரு மணிக்கும் எழுந்து நின்று உட்கார்ந்தான். மூன்றாவதற்கும் நாலாவதற்கும் நடுவில் இருபத்தைந்து நிமிஷம் ஆனபோது அவன் நகத்தைக் கடித்தான். நாலாவது அடித்தது. 10.52க்கு ஐந்தாவது.

"இனி பத்து நிமிசம். வளைவு தாண்டினா ஆறாவது," என்றான். முகமெல்லாம் சிரிப்பு. "அண்ணாச்சி, பெட்டியப் பிரிக்கப் போறா."

பதினொன்று அடித்தது. பதினொன்று பத்து. ஆறாவது மணி அடிக்கவில்லை.

"புள்ளைக்குக் கால் வலிச்சிருக்கும், எங்கயாச்சும் உக்காந்திருப்பா," என்றேன்.

நல்லக்கண்ணு ஒரு மதுரைக்காரருக்குத் தோளில் எண்ணெய் விட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். தட்டுகிற சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தேன். அவர் மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மலையைக் காணும்," என்றார்.

எங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மலை இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு திரை தொங்கியது. இந்தப் பக்கத்தில் பிறந்த யாருக்கும் இது தெரியும். உச்சி மறைந்துவிட்டால் கீழே வெயில் காய்ந்தாலும் ஓடையில் கால் வைக்க மாட்டோம். அரை மணியில் தண்ணீர் இறங்கிவிடும். இதை எங்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை, நாங்களும் யாருக்கும் சொன்னதில்லை.

"ஏ ஆசிக்கு, அந்த அஞ்சாவதுல நான் என்ன பேசினேன்?" என்றார் நல்லக்கண்ணு.

"ஒம்ம கதைதான் மாமா. சட்டிப்..."

அவனால் அந்த வார்த்தையை முடிக்க முடியவில்லை. கை ரோட்டைத்தான் காட்டியது. குரல் ஓடையைக் காட்டிவிட்டது.

ஸ்கூட்டரில் மூன்று பேரும் ஏறினோம். ஒரு தோளில் மட்டும் எண்ணெயோடு மதுரைக்காரர் கல்லிலேயே உட்கார்ந்து எங்களைப் பார்த்தார். நல்லக்கண்ணு கோவணத்தோடு என் முதுகில் வழுக்கிக்கொண்டே வந்தார். ஒரு கிலோமீட்டர் தூரம்தான். எனக்கு அன்று அது முடியவே இல்லை.

நாலாவது கைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய முப்பிடாதியம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டு ஐந்தாவது கைக்கு எதிரே வந்து நின்றிருந்தாள். அவளும் மலையைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள்.

"எங்கன போனா?" என்று ஆசிக் கேட்டான்.

"பலாமரத்துக்குக் கீழ எறங்குனா ஆசிக்கு. தூரத்துலேருந்து சத்தம் போட்டேன், 'ஏ தாயி, எங்க போறே'ன்னு. புள்ளையும் அவளும் சிரிச்சிக்கிட்டே ஒதட்டுல வெரல வச்சிக் காட்டிட்டு எறங்கிட்டாவ. வெளையாட்டுன்னுல்லா நெனச்சேன்."

ஆரு கூப்பிட்டாலும் நிற்கக் கூடாது என்று சொன்னவன் அதைக் கேட்டுக்கொண்டு நின்றான். பிறகு ஓடினான்.

கீழே இறங்கும்போதே சத்தம் மாறிவிட்டது. கண்ணாடி மாதிரி கிடக்கிற ஓடை செம்மண் நிறத்தில் சருகும் கம்புமாக ஓடிக்கொண்டிருந்தது. மிதித்துப் போகிற கற்கள் எல்லாம் முங்கிவிட்டன, ஒரே ஒரு கல்லின் தலை மட்டும் தெரிந்தது. நடு ஓடையில் சட்டிப்பாறை. அதன்மேல் மாஜிதா, இடுப்பில் ஷரீபா. பாறையின் விளிம்பைத் தண்ணீர் நக்கிக்கொண்டிருந்தது. பிள்ளையின் ஒரு காலில் செருப்பு இல்லை.

ஆசிக் அப்படியே பாய்ந்தான். நல்லக்கண்ணு அவன் கையைப் பிடித்தார், எண்ணெயில் வழுக்கியது. சட்டையைப் பிடித்தார், கிழிந்தது. கடைசியில் அவன் இடுப்பைக் கட்டிக் கீழே தள்ளி மேலே உட்கார்ந்துகொண்டார்.

"விடும் மாமா. விடும்னா."

"நீ எறங்கினா ஒன்னப் பிடிக்க அவ எறங்குவா. மூணு பேரும் போயிருவீய. கெடலே பேசாம."

நான் கத்தினேன். "மேல ஏறு தாயி, பின்னால பெரிய பாறைல ஏறு" என்று தொண்டை கிழியக் கத்தினேன். தண்ணீர் என் குரலை அந்தண்டை விடவே இல்லை. ஊருக்கே சத்தத்தை வாடகைக்கு விட்ட எனக்கு அன்று ஒரு சொல்லைப் பதினைந்தடி தாண்டி அனுப்ப வழியில்லை. முப்பிடாதியம்மாள் பின்னாலேயே வந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

மாஜிதா எங்களைப் பார்த்துவிட்டாள். பார்த்ததும் வரத்தான் நினைத்தாள். தலை தெரிந்த அந்தக் கல்லை நோக்கி ஒரு காலை எடுத்து வைக்கப் போனாள்.

இடுப்பை நல்லக்கண்ணு விடாமல் பிடித்திருக்க, ஆசிக் கிடந்த இடத்திலேயே முழங்கால் போட்டு எழுந்து வலது கையை நீட்டினான். உள்ளங்கை முழுசும் அவளுக்குத் தெரியும்படி, விரல்களை ஒட்டி, நிமிர்த்தி நீட்டினான். அவள் கால் அந்தரத்தில் நின்றது. பிறகு காலைப் பின்னால் எடுத்துக்கொண்டாள். அவன் விரலால் பின்னால் இருந்த உயரப் பாறையைக் காட்டினான். அவள் பிள்ளையை முதலில் ஏற்றி, தான் வேரைப் பிடித்து ஏறினாள். ஏறியதும் அவன் மறுபடி உள்ளங்கையை நீட்டினான். அவள் நின்றாள்.

அதற்குள் தலை தெரிந்த அந்தக் கல்லும் போய்விட்டது.

நான் மேலே ஓடி தீயணைப்புக்குப் போன் செய்தேன். கயிற்றோடு வந்தவர்கள் ஓடையைப் பார்த்துவிட்டு, தண்ணீர் இன்னும் ஒரு சாண் ஏறினால்தான் இறங்குவோம், இல்லாவிட்டால் வடிகிற வரை அவர்கள் அங்கேயே இருப்பதுதான் நல்லது என்றார்கள். தண்ணீர் ஏறி, அந்த ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக நின்றது. நாங்கள் எல்லோரும் அந்த ஒரு சாணையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

இரண்டே கால் மணி நேரம். ஆசிக் கையை இறக்கவில்லை. ஒரு தடவை தோள் வலித்து லேசாகத் தாழ்த்தினான், பாறைமேல் மாஜிதா உடனே காலை நகர்த்தினாள். அவளுக்கு அந்தக் கை ஒன்றுதான் சேதி. பிறகு நான் அவன் முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். நல்லக்கண்ணு தோளை நீவிவிட்டுக்கொண்டே இருந்தார். அவர் அழுதுகொண்டிருந்தார்.

ஒன்றரை மணிக்குத் தண்ணீர் வடியத் தொடங்கியது. தீயணைப்புக்காரர்கள் கயிற்றைக் கட்டி இறங்கி இரண்டு பேரையும் கொண்டுவந்தார்கள். பிள்ளை உதடு நீலம் பாரித்து நடுங்கியது. முப்பிடாதியம்மாள் தன் சேலைத் தலைப்பால் சுற்றி, மேலே ரோட்டோர டீக்கடையிலிருந்து சுக்குக் காப்பி வாங்கி வந்து கொடுத்தாள். ஆசிக் மனைவியைத் தொடப் போனான். அவள் ஒரு அடி விலகி நின்றாள்.

"இந்தத் தண்ணி வரும்னு யாருக்கெல்லாம் தெரியும்?" என்று கேட்டாள்.



"மல மறஞ்சா தண்ணி வரும், எல்லாருக்கும் தெரியுமே தாயி," என்றாள் முப்பிடாதியம்மாள். அவளுக்கு அதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

மாஜிதா ஆசிக்கைப் பார்த்தாள்.

"ஒனக்கும் தெரியும்னு நெனச்சிட்டேன் மாஜி," என்றான் அவன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருக்கிறான்.

"பரீட்சைக்கு நான் வெளியூர்க்காரி. தண்ணிக்கு மட்டும் உங்க ஊர்க்காரியா மச்சான்?"

அவ்வளவுதான் கேட்டாள். ஆட்டோவில் ஏறிப் போனாள்.

நாலரை மணிக்கு ஆசிக் கடைக்குள் வந்து உட்கார்ந்தான். வலது தோள் ஒரு பக்கமாகத் தொங்கியது. போனை மேஜையில் வைத்தான்.

"வாரேன்னு சொல்லிரப் போறேன் அண்ணாச்சி. ராத்திரியே போயி ஆறையும் புடுங்கிருவோம்."

நான் சரி என்றேன். பத்துத் தடவை கேட்டுச் சிரித்தவன் நானும்தானே.

மாடிப்படியில் காலடி கேட்டது. மாஜிதா ஈரத் தலையோடு இறங்கி வந்தாள். கையில் கிண்ணத்தில் தேங்காய் எண்ணெய். மூலையில் கிடந்த பிளாஸ்டர் மூட்டையை இழுத்துப் பிரித்தாள்.

"என்ன செய்யுத?" என்றான் ஆசிக்.

"ஞாயித்துக்கிழமைக்கு முன்ன காயணும்ல."

"நான் எல்லாத்தையும் எடுக்கப் போறேன் மாஜி."

"எடுத்துட்டா? நல்லக்கண்ணு மாமா எண்ணெ தேய்க்கிற ஆளுக்கெல்லாம் அந்தக் கதையச் சொல்லிட்டுத்தான இருக்காரு? நாப்பது வருசமா சொல்றாரு. கேட்டவங்க எறங்கத்தான் செய்வாங்க. அது அவ்வளவு நல்ல கதை. நானே எறங்கினேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "கைய நீட்டுங்க."

அவன் கையை நீட்டினான், குலுக்குவதற்கு நீட்டுகிற மாதிரி.

"அப்படி இல்ல. காலையில நீட்டுனீங்களே, அப்படி."

அவன் உள்ளங்கையை நிமிர்த்தினான். அவள் விரல் விரலாக எண்ணெய் தடவினாள். ரொம்ப நேரம் தடவினாள். பிறகு பிளாஸ்டரைக் குழைத்துத் துணியில் தோய்த்துச் சுற்றினாள். மூன்று மாதமாக மாடிப்படியிலிருந்து பார்த்திருக்கிறாள் போல, ஒரு சுற்றுகூடத் தப்பவில்லை. இறுகுவதற்கு இருபது நிமிஷம் ஆகும், அதுவரை அசைக்கக் கூடாது. நான் மறுபடி முழங்கையைத் தாங்கினேன்.

ஐந்து மணிக்கு மேஜையில் போன் அடித்தது. சவுதி நம்பர். ஆசிக்கின் இடது கை போனை நோக்கிப் போனது, உடம்பும் சேர்ந்து திரும்பியது.

"ஆட்டாதீங்க," என்றாள் மாஜிதா.

போன் முழுசாக அடித்து நின்றது. திரும்பவும் ஒரு தடவை அடித்தது. அவள் பிளாஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு அது அடிக்கவில்லை.

ஏழாவது கை பலாமரத்தடியில், ஓடைக்கு இறங்குகிற இடத்தில் நிற்கிறது. மற்ற கைகளைப் போல அதற்கு மோட்டார் கிடையாது. பிள்ளைகள் ஓடிவந்து குலுக்கப் பார்க்கும், அது அசையாது. உள்ளங்கையில் உள்ளங்கையை வைத்து அழுத்தினால் மட்டும் பேசும். அந்தக் குரலைப் பிடித்த அன்று நான் ஒரு வார்த்தையும் வெட்டவில்லை.

"நான் மாஜிதா. இதுக்குக் கீழ நல்ல பாறை ஒண்ணு இருக்கு. நல்லக்கண்ணு மாமா சொன்னது அத்தனையும் நெசம், மீன்கூடக் கடிக்கும். போறதுக்கு முன்ன ஒரு தடவை தலையத் தூக்கி மேக்க பாருங்க. மலை தெரியுதா? தெரிஞ்சா போயிட்டு வாங்க. தெரியலைன்னா வெயிலடிச்சாலும் இங்கனயே நில்லுங்க. எங்க ஊர்ல இது எல்லாருக்கும் தெரியும். அதனால யாரும் சொல்ல மாட்டாங்க."